இரண்டு பேருக்கு என்ன உறவு என்று குவெரியில் கேட்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிப் புத்தகம், வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகள், பெரியவர்கள் சொன்னது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சுமார் மூவாயிரம் பேரை ஒரே டேபிளில் ஏற்றியிருக்கிறீர்கள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், துணை பெயர், ஊர் என்று ஃபீல்டுகள். இரண்டு பேரைக் கொடுத்தால் சொந்தமா இல்லையா, சொந்தமென்றால் என்ன முறை என்று வரவேண்டும். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் வைத்து அதே டேபிளோடு திரும்பத் திரும்ப ஜாயின் (ஒரு வரியை அதற்குப் பொருந்தும் இன்னொரு வரியோடு இணைப்பது) போட்டிருக்கிறீர்கள். தாத்தா வரை ஒழுங்காக வருகிறது, அதற்கு மேல் ஒரே ஆள் பத்துத் தடவை வருகிறார், ரிகர்சிவ் குவெரியாக (தன் விடையையே எடுத்து மறுபடி மறுபடி தேடும் குவெரியாக) மாற்றினால் முடியவே மாட்டேன் என்கிறது. இதை விட்டுவிட்டு, ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வைக்கும் கிராஃப் டேட்டாபேஸுக்குப் போய்விடலாமா என்பது கடைசிக் கேள்வி.

குவெரியில் பெரிய தப்பு எதுவும் இல்லை. டேபிள்தான் தப்பு. உங்கள் குடும்பத்துப் பெயர்களைப் பொதுவில் வைத்துப் பேச வேண்டாம் என்பதால் சோழர் வம்சாவளியை எடுத்துக்கொள்கிறேன். அது எல்லோருக்கும் ஓரளவு தெரியும், ஒரு இருபது பேரை ஏற்றினால் போதும், அதோடு நம் ஊர்க் குடும்பத் தரவில் வரக்கூடிய அத்தனை வில்லங்கமும் அதில் இருக்கிறது.

தேவையான ஆட்கள் இவர்கள். முதலாம் ராஜராஜனின் பிள்ளைகள் முதலாம் ராஜேந்திரனும் குந்தவையும். இந்தக் குந்தவை வேங்கியின் கீழைச் சாளுக்கிய அரசன் விமலாதித்தனைக் கட்டிக்கொண்டு பெற்ற மகன் ராஜராஜ நரேந்திரன். ராஜேந்திரனுக்கு அம்மங்கை என்று ஒரு மகள், இரண்டாம் ராஜேந்திரன் என்று ஒரு மகன் (இன்னும் பலர் உண்டு, இப்போதைக்கு இவர்கள் போதும்). நரேந்திரன் தன் மாமன் மகளான அம்மங்கையைக் கட்டினான். அவர்களுடைய மகன் ராஜேந்திரன், 1070-இல் சோழ அரியணை ஏறிய பிறகு நாம் முதலாம் குலோத்துங்கன் என்று சொல்கிற ஆள். அவனும் தன் மாமன் மகளையே, அதாவது இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியைக் கட்டிக்கொண்டான்.

இப்போது உங்கள் டேபிளில் இருப்பது போலப் பெயரை மட்டும் வைத்து இதை ஏற்றிப் பாருங்கள். “ராஜேந்திரன், த/பெ ராஜராஜன்” என்று இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் கங்கைகொண்டவன், இன்னொருவன் அவனுடைய மகள் வயிற்றுப் பேரன். பெயர், அப்பா பெயர் இரண்டும் ஒன்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீட்டில் இது விதிவிலக்கே இல்லை, இதுதான் வழக்கம். அதனால் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்தால் ஆள் தனியாகத் தெரிந்துவிடுவார் என்கிற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

குவெரி முடியாமல் சுற்றுவதற்கும் இதுதான் காரணம். பெயர் வழியாக மேலே ஏறினால், ராஜராஜனின் அம்மா யார் என்று கேட்கும்போது நரேந்திரனுடைய ரோவும் (டேபிளில் அவனுக்கான வரி) மாட்டும், அதில் அம்மா குந்தவை. குந்தவையின் அப்பா யார்? ராஜராஜன். ராஜராஜனின் அம்மா? குந்தவை. இப்படியே போய்க்கொண்டிருக்கும். போதாததற்கு ராஜராஜனின் அக்கா பெயரும் குந்தவை, சுந்தர சோழன் மகள். அவளும் உள்ளே நுழைந்துவிடுவாள். தரவில் உண்மையான சுழற்சி எதுவும் கிடையாது, பெயரால் ஜாயின் செய்ததில் உண்டான சுழற்சி. உங்கள் மூவாயிரம் பேரில் எத்தனை சுப்பிரமணியும் எத்தனை லட்சுமியும் இருப்பார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் வேலை, ஆளுக்கு ஒரு ஐடி. பெயர் என்பது அந்த ஐடிக்குக் கீழே தனி டேபிளில் இருக்கட்டும், ஏனென்றால் ஒரே ஆளுக்குப் பல பெயர் உண்டு: ராஜராஜனே அருள்மொழிவர்மன், சுந்தர சோழனே இரண்டாம் பராந்தகன், குலோத்துங்கனே இளமையில் ராஜேந்திரன். வரிப் புத்தகத்தில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று உங்களிடமும் இருக்கும். எல்லாவற்றையும் அங்கே போடுங்கள், தேடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், ஜாயினுக்கு ஒருபோதும் வேண்டாம்.

இரண்டாவது, பெற்றோர் டேபிள். பிள்ளையின் ஐடி, பெற்றவரின் ஐடி, அந்தப் பெற்றவர் அப்பாவா அம்மாவா, பெற்றதா தத்தா, எந்த ஆதாரம். ஒரு பிள்ளைக்கு இரண்டு ரோ. அப்பா ஐடி, அம்மா ஐடி என்று ஆள் டேபிளிலேயே இரண்டு ஃபீல்டு வைக்கலாம்தான், ஆனால் மேலே ஏறும் குவெரியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கம் பார்க்க வேண்டிவரும், தத்து எடுத்த பிள்ளை வந்தால் இடமிருக்காது. தனி டேபிள் என்றால் ஒரே ஜாயின். தத்தைப் பிரித்து வைப்பது ரொம்ப முக்கியம். கோயில் வரிக்கும் பங்காளிக் கணக்குக்கும் தத்துப்பிள்ளை எடுத்தவர் வீட்டு ஆள், கல்யாணத்துக்கு முறை பார்க்கும்போது பெற்றவர் வீட்டையும் பார்ப்பார்கள். எந்தக் கேள்விக்கு எந்த வகை ரோ என்பதைக் குவெரியில் ஒரு நிபந்தனையாகப் போட்டுக்கொள்ளலாம்.

கல்யாணம் மூன்றாவது டேபிள். சித்தப்பா, மாமா, மச்சான் என்பதையெல்லாம் எங்கேயும் ஏற்றி வைக்காதீர்கள். அது தரவு கிடையாது, தரவிலிருந்து வரும் விடை. ஏற்றி வைத்தால் ஒரு ஆளைத் திருத்தும்போது ஐம்பது ரோவைத் திருத்த வேண்டும், கட்டாயம் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

அம்மா பெயர் தெரியாத இடங்களில் சிலர் “தெரியாது” என்று ஒரு ஆளை உருவாக்கி எல்லோருக்கும் அந்த ஐடியையே கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால் அத்தனை பேரும் ஒரு தாய் மக்கள் ஆகிவிடுவார்கள். தெரியாவிட்டால் அந்த ரோவே இருக்கக்கூடாது.

சரி, குவெரிக்கு வருவோம். ரிகர்சிவ் குவெரி எழுதும் “வித் ரிகர்சிவ்”, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் 1999-இலேயே வந்துவிட்டது. டேட்டாபேஸ் மென்பொருள்களில், போஸ்ட்கிரெஸில் 8.4 பதிப்பிலிருந்து (2009), எஸ்க்யூலைட்டில் 3.8.3-இலிருந்து (2014), மைஎஸ்க்யூஎல்லில் 8.0-இலிருந்து (2018) இருக்கிறது. தொடக்கப் பகுதி ஒரு ரோ: கேட்ட ஆளின் ஐடி, ஆழம் 0, காலியான தடம், தன் ஐடி மட்டும் உள்ள ஒரு அரே (வந்த வழியில் உள்ளவர்களின் ஐடி வரிசை). இரண்டு பகுதியின் ரோக்களையும் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் ஆலுக்குப் பிறகு வரும் பகுதி, இதுவரை வந்த ரோக்களைப் பெற்றோர் டேபிளோடு பிள்ளை ஐடியில் ஜாயின் செய்து, பெற்றவர் ஐடியை எடுத்து, ஆழத்தில் ஒன்று கூட்டி, தடத்தின் கடைசியில் அப்பா என்றால் “அ”, அம்மா என்றால் “ம” என்று ஒரு எழுத்து ஒட்டி, அரேயில் அந்தப் பெற்றவரின் ஐடியைச் சேர்க்கிறது. நிபந்தனை இரண்டு: ஆழம் பத்துக்குள், அந்த ஐடி ஏற்கெனவே அரேயில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் மொத்தக் குவெரியும், பத்துப் பன்னிரண்டு வரி வரும்.

குலோத்துங்கனுக்கு ஓட்டினால் வருவது (ஆள், ஆழம், தடம்):

ராஜராஜ நரேந்திரன், 1, அ
அம்மங்கை, 1, ம
விமலாதித்தன், 2, அஅ
குந்தவை, 2, அம
முதலாம் ராஜேந்திரன், 2, மஅ
முதலாம் ராஜராஜன், 3, அமஅ
முதலாம் ராஜராஜன், 3, மஅஅ

ராஜராஜன் இரண்டு முறை வருகிறான் பாருங்கள். அப்பாவின் அம்மா வழியாகக் கொள்ளுத்தாத்தா, அம்மாவின் அப்பா வழியாகவும் கொள்ளுத்தாத்தா. இதைப் பார்த்ததும் டிஸ்டிங்க்ட் போட்டு ஒன்றாக்கிவிடக் கை பரபரக்கும். போடாதீர்கள். அந்த இரண்டு ரோவும் இரண்டு வேறு உண்மைகள், கீழே இரண்டும் தேவைப்படும். உங்கள் பழைய குவெரியில் ஒரே ஆள் பத்துத் தடவை வந்ததில் பாதி பெயர்க் குழப்பமாக இருக்கலாம், மீதிப் பாதி இப்படி நியாயமாக வந்ததாகவே இருக்கும். மாமன் மகள், அத்தை மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து எடுக்கும் குடும்பத்தில் இது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

சுழற்சித் தடுப்பு பற்றி ஒன்று. யூனியன் ஆலை வெறும் யூனியனாக மாற்றினால் சுற்றாது என்று நிறையப் பேர் சொல்வார்கள். ரோவில் ஐடி மட்டும் இருந்தால் அது சரி, வந்த ரோ மறுபடி வந்தால் தள்ளிவிடும். ஆழத்தையோ தடத்தையோ சேர்த்த உடனே ஒவ்வொரு சுற்றிலும் ரோ வேறாகிவிடுகிறது, யூனியனுக்குப் பழைய ரோ என்று அடையாளம் தெரியாது. அதனால் அரே சோதனை வேண்டும். போஸ்ட்கிரெஸ் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இதற்கென்றே சைக்கிள் என்ற பகுதி உண்டு. மைஎஸ்க்யூஎல் ஆயிரம் சுற்றில் தானாக நிறுத்தி எரர் காட்டும், எஸ்க்யூலைட்டில் அரே கிடையாது என்பதால் ஐடிகளைக் காற்புள்ளியோடு ஒரே சரமாக ஒட்டித் தேட வேண்டும். ஐடி வைத்த பிறகும் சுழற்சி வந்தால் தட்டச்சில் யாரோ தன் தாத்தாவுக்கே அப்பா ஆகியிருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களைத் தனியாக எடுத்துத் தருகிற குவெரி ஒன்றை வாரம் ஒருமுறை ஓட்டுங்கள்.

இரண்டு பேர் சொந்தமா என்று பார்க்க, ஒருவரிடமிருந்து கிளம்பி மேலும் கீழுமாக அலைந்து மற்றவரைத் தேடக்கூடாது. கீழே இறங்க இறங்கக் கிளை பெருகிக்கொண்டே போகும். மேலே ஏறினால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: பத்துத் தலைமுறைக்கு அதிகபட்சம் 2046 முன்னோர், நடைமுறையில் உங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்கு பெயர்கூட இருக்காது. அதனால் இரண்டு பேரிடமிருந்தும் மேலே ஏறுங்கள், முன்னோர் ஐடியில் இரண்டு பட்டியலையும் ஜாயின் செய்யுங்கள். ஜாயினில் விழுந்தவர் பொது முன்னோர். இரண்டு பக்கத்து ஆழமும் தடமும் கையில் இருக்கும்.

மதுராந்தகி பக்கம்: இரண்டாம் ராஜேந்திரன் “அ”, முதலாம் ராஜேந்திரன் “அஅ”, ராஜராஜன் “அஅஅ”. ஜாயின் செய்தால் மூன்று ரோ வரும்:

முதலாம் ராஜேந்திரன்: மஅ, அஅ
ராஜராஜன்: மஅஅ, அஅஅ
ராஜராஜன்: அமஅ, அஅஅ

இதில் நடுவில் உள்ளது வெறும் எதிரொலி. இரண்டு பக்கமும் முதலாம் ராஜேந்திரன் வழியாகவே ராஜராஜனிடம் போகிறது. ராஜேந்திரன் பொதுவானால் அவன் அப்பாவும் பொதுதான், புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இதைக் கழிக்க வேண்டும். இங்கேதான் நிறையக் குவெரிகள் வழுக்குகின்றன. “பொது முன்னோரில் மிகக் கீழே உள்ளவரை மட்டும் வைத்துக்கொள்” என்றோ, “வேறொரு பொது முன்னோருக்கு மூத்தவராக இருந்தால் நீக்கு” என்றோ எழுதிவிடுவார்கள். எழுதினால் ராஜராஜன் முழுவதுமாகப் போய்விடுவான், மூன்றாவது ரோவும் சேர்ந்து போகும். அந்த மூன்றாவது ரோ நரேந்திரன், குந்தவை வழியாக வருகிற தனி உறவு. கழிக்க வேண்டியது ஆளை இல்லை, வழியை. இரண்டு அரேயிலும் உச்சியில் இருக்கும் பொது முன்னோரை எடுத்துவிட்டு, மீதியில் ஒரே ஐடி இரண்டு பக்கமும் இருந்தால் அந்த ரோவைத் தள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் இரண்டு அரேக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்க, இரட்டை அம்பர்சண்ட் (&&) ஒன்று போதும்.

இதே விதியைத்தான் மரபியலாளர் சீவால் ரைட் 1922-இல் இரத்த நெருக்கத்தைக் கணக்கிடச் சொன்னார்: ஒரு வழியில் எந்த ஆளும் இரண்டு முறை வரக்கூடாது, ஒவ்வொரு வழிக்கும் படிகளை எண்ணி ஒவ்வொரு படிக்கும் பாதி, பிறகு எல்லா வழியையும் கூட்டு. இங்கே ராஜேந்திரன் வழி நாலு படி, 1/16. ராஜராஜன் வழி ஆறு படி, 1/64. கூட்டினால் 5/64. தாய்மாரையும் ஏற்றியிருந்து அம்மங்கைக்கும் இரண்டாம் ராஜேந்திரனுக்கும் ஒரே தாய், குந்தவைக்கும் முதலாம் ராஜேந்திரனுக்கும் ஒரே தாய் என்று இருந்தால் இது இரட்டிப்பாகும். பல மனைவியர் உள்ள அரச குடும்பத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது, தாத்தா காலத்தில் இரண்டு தாரம் சாதாரணமாக இருந்த வீடுகளிலும் முடியாது. டாக்டரிடம் காட்டுவதற்காக இந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்றால் தாய் தெரியாத ரோக்கள் எத்தனை என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

அப்புறம், கணவன் மனைவி இருவரும் பொது முன்னோராக வந்தால் ஒரே உறவு இரண்டு ரோவாக வரும். உச்சியில் உள்ளவரைத் தவிர மீதி இரண்டு அரேயும் அப்படியே ஒன்றாக இருக்கும் ரோக்களைச் சேர்த்து ஒரு தம்பதியாகக் காட்டிவிட்டால் பார்க்கிறவர் குழம்பமாட்டார்.

இனி முறை. இங்கிலீஷ் மென்பொருள்களில் இரண்டு ஆழத்தையும் வைத்துக் கசின், செகண்ட் கசின் என்று சொல்லிவிடுவார்கள், அதற்கு இரண்டு எண் போதும். நமக்குப் போதாது. சித்தப்பா மகளும் மாமா மகளும் ஆழத்தில் ஒன்றுதான், ஒருத்தி தங்கை, ஒருத்தி முறைப்பெண். ஆழத்தை மட்டும் காட்டும் குவெரியை நம்பிக் கல்யாணம் பேசப் போனால் அடிதான் விழும். தடத்தில் “அ”, “ம” என்று எழுத்து ஒட்டச் சொன்னது இதற்காகத்தான்.

வழி எளிது. இருவரும் ஒரே தலைமுறை என்று வையுங்கள். இரண்டு தடத்திலும் கடைசி எழுத்தை (பொது முன்னோருக்கு ஏறும் படியை) வெட்டிவிடுங்கள். மீதியை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து, எத்தனை இடத்தில் எழுத்து மாறுகிறது என்று எண்ணுங்கள். இரட்டைப்படை (சுழியும் சேர்த்து) என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை முறை. ஒற்றைப்படை என்றால் மச்சான், கொழுந்தி, முறைப்பெண் என்கிற பக்கம். அண்ணன் தங்கையின் பிள்ளைகள் முறைக்காரர்கள், அண்ணன் தம்பியின் பிள்ளைகள் சகோதரர்கள் என்று பாட்டி சொல்வாரே, அதையே தலைமுறைதோறும் கீழே கொண்டுவந்தால் கிடைப்பது இந்தக் கணக்கு.

சோதித்துப் பார்க்கலாம். “மஅ”, “அஅ”: கடைசி எழுத்தை வெட்டினால் ம, அ. ஒரு மாற்றம், ஒற்றை, முறைப்பெண். “அமஅ”, “அஅஅ”: வெட்டினால் அம, அஅ. மறுபடியும் ஒரே மாற்றம், முறைப்பெண். இரண்டு வழியிலும் மதுராந்தகி குலோத்துங்கனுக்குக் கட்டிக்கொள்கிற முறையாகவே வருகிறாள். முறை மாறாமல் கட்டிக்கொண்டே வந்த குடும்பத்தில் வழிகள் ஒன்றுக்கொன்று முரண்படாது.

தலைமுறை ஏறி இறங்கினால் உச்சியிலிருந்து வரிசைப்படுத்த வேண்டும், மேல் தலைமுறைக்காரரின் தடத்துக்கு முன்னால் அவருடைய எழுத்தையும் (ஆண் அ, பெண் ம) சேர்த்துக்கொள்ள வேண்டும். ராஜராஜனுக்கு உத்தம சோழன் என்ன முறை? முதலாம் பராந்தகன் பொது முன்னோர். கண்டராதித்தன் மகன் உத்தமன், அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவன் மகன் ராஜராஜன். கண்டராதித்தனுக்கு எதிரே அரிஞ்சயன், இருவரும் ஆண். உத்தமனுக்கு எதிரே சுந்தர சோழன், இருவரும் ஆண். மாற்றம் சுழி, ஆகவே அப்பா வரிசை: பெரியப்பா அல்லது சித்தப்பா. ஒற்றையாக இருந்தால் மாமா வரிசை, மேலே இருப்பது பெண் என்றால் அத்தை. இதற்கு மேல் பெரியப்பாவா சித்தப்பாவா என்று சொல்லப் பிறந்த வருஷம் வேண்டும். அரசர்களுக்குப் பட்டமேறிய வருஷம்தான் கையில் இருக்கும், ராஜராஜனுக்கு 985 என்பது போல, அதைப் பிறந்த வருஷ ஃபீல்டில் போட்டால் விபரீதமாகும். தெரியாவிட்டால் குவெரி இரண்டு சொல்லையும் சாய்கோட்டோடு கொடுக்கட்டும்.

வேடிக்கைக்கு இதை எலிசபெத் ராணிக்கும் பிலிப்புக்கும் போட்டுப் பாருங்கள், நல்ல சோதனைத் தரவு. விக்டோரியா வழியில் எலிசபெத் “அஅஅம”, பிலிப் “மமமம”. மூன்று மாற்றம், ஒற்றை, ஒரே தலைமுறை: முறைமாப்பிள்ளை. டென்மார்க்கின் ஒன்பதாம் கிறிஸ்டியன் வழியில் எலிசபெத் “அஅமஅ”, பிலிப் “அஅஅ”, ஒரு தலைமுறை வித்தியாசம், அலெக்சாண்ட்ராவும் கிரீஸின் முதலாம் ஜார்ஜும் அக்கா தம்பி என்பதால் ஒரே மாற்றம்: பிலிப் மாமா முறை. நம்மூர்ப் பெரியவர்கள் இரண்டு வழியிலும் ஆட்சேபம் சொல்லமாட்டார்கள். குவெரி இந்த இரண்டு விடையையும் தராவிட்டால் எங்கோ டிஸ்டிங்க்ட் ஒளிந்திருக்கிறது.

உங்கள் தரவில் ஒரு வழியில் தங்கை, இன்னொரு வழியில் முறைப்பெண் என்று வரும் இடங்கள் வரத்தான் செய்யும், முக்கியமாக அக்கா மகளைக் கட்டிய வீடுகளில் தலைமுறைக் கணக்கே ஒரு படி நழுவும். குவெரி தீர்ப்புச் சொல்லக்கூடாது. எல்லா வழியையும் மொத்தப் படி குறைவானது முதலில் வருமாறு வரிசைப்படுத்திக் காட்டுங்கள், எந்த முறையை வைத்துக்கொள்வது என்பதை வீட்டில் பேசிக்கொள்வார்கள். கூட்டம், கோத்திரம் பார்ப்பதும் தனி. அது அப்பா வழி மட்டும் ஏறுகிற “அஅஅ” தடம், அதற்கு வேறு குவெரி. எழுத்து எண்ணும் வேலையை எஸ்க்யூஎல்லுக்குள் திணிக்கவேண்டாம் என்பது என் கருத்து. வழிகளை எடுத்துத் தருவது வரை டேபிளின் வேலை, பெயர் சூட்டுவதைப் பைத்தானில் இருபது வரியில் எழுதிவிடுங்கள், திருத்துவதும் சுலபம்.

கல்யாணத்தை இந்த ரிகர்ஷனுக்குள் விடவே விடாதீர்கள். சம்பந்தி, ஓரகத்தி, சகலை எல்லாம் வேண்டுமென்றால் இரத்த உறவு கண்டுபிடித்த பிறகு இரண்டு முனையிலும் ஒரே ஒரு கல்யாண ஜாயின் போடுங்கள். நடுவில் விட்டால் நாலைந்து தாவலில் ஊரே சொந்தமாகிவிடும். நிஜத்திலும் அப்படித்தான் என்றாலும் விடையாக அது பயன்படாது.

பழைய டேபிளிலிருந்து ஐடிக்கு மாற்றுவதுதான் உண்மையில் உங்களுக்குச் சிரமமான பகுதி. இது யார், அது யார் என்று இயந்திரம் முடிவாகச் சொல்லாது, இவராக இருக்கலாம் என்று யோசனை மட்டும்தான் தரும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் இங்கே உதவாது, 1918-இல் இங்கிலீஷ் உச்சரிப்புக்காகக் காப்புரிமை வாங்கிய முறை அது. அதற்குப் பதில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேடல் சாவி உருவாக்குங்கள். முதலில் யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் (போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து நார்மலைஸ் உண்டு), “கொ” என்பதன் கொம்பும் காலும் தனித்தனியாக ஏறியிருந்தால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் வேறாகும். பிறகு ஜ, ஷ, ஸ எல்லாம் ச. ண, ந, ன ஒன்று. ர, ற ஒன்று. ல, ள, ழ ஒன்று. முன்னால் ஒட்டுகிற இ, அ, உ-வை வெட்டுங்கள்: இராசேந்திரனும் ராஜேந்திரனும், அரங்கநாதனும் ரங்கநாதனும், உலோகநாதனும் லோகநாதனும் அப்போது சேரும். திரு, திருமதி, சாதிப் பட்டம், இனிஷியல் எல்லாம் வேறு ஃபீல்டுக்கு. இந்தச் சாவி ஒன்றாக இருக்கும் ஜோடிகளை எடுத்து அப்பா சாவி, துணை சாவி, ஊர், பிறந்த வருஷ வரம்பு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு மேலிருந்து கீழாகப் பட்டியலிட்டு ஒரு பெரியவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். துணையின் பெயருக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்; அப்பா பெயர் எப்படி ஏமாற்றும் என்று மேலேயே பார்த்தோம், கணவன் மனைவி ஜோடி அவ்வளவு சுலபத்தில் இன்னொரு இடத்தில் அமையாது.

ஆதார ஃபீல்டை அலட்சியம் செய்யாதீர்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் வரிசையைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. அதற்காக சூரியனுக்கு ஐடி கொடுக்கக்கூடாது என்றில்லை, அந்த ரோ எவ்வளவு நம்பகம் என்று ஒரு எண் பக்கத்தில் இருந்தால் போதும், குவெரியில் குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் என்று கேட்டுக்கொள்ளலாம். உங்கள் பெரியவர்கள் சொன்னதில் ஏழாவது தலைமுறைக்கு மேலே உள்ளதற்கும் இதே வைத்தியம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தலைக்கட்டு வரிப் புத்தகம் ஆண் தலைகளை எண்ணுகிற புத்தகம். கட்டிக்கொடுத்த பெண்ணும் அவள் பிள்ளைகளும் அதில் இருக்கமாட்டார்கள், அவர்கள் வேறொரு கோயிலின் புத்தகத்தில் இருப்பார்கள். அதனால் உங்கள் தரவை இப்போதிருக்கும் நிலையில் என்ன கேட்டாலும் பங்காளி, பங்காளி என்றே வரும். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் கல்யாணப் பத்திரிகைகளில்தான் கிடைப்பார்கள், பத்திரிகையில் இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்வரை அச்சடிக்கும் வழக்கம் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். முதலில் “மகள்கள் இருக்கிறார்கள், ஆனால் பெற்றோர் டேபிளில் அவர்களுக்குக் கீழே ஒரு பிள்ளையும் இல்லை” என்பவர்களைப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு சாயங்காலத்தில் பாதி நிரம்பிவிடும்.

கிராஃப் டேட்டாபேஸ் பற்றிக் கேட்டீர்கள். நியோஃபோர்ஜே என்ற கிராஃப் டேட்டாபேஸில் இந்த வழி தேடும் குவெரி இன்னும் சின்னதாக இருக்கும், உண்மைதான். ஆனால் மூவாயிரம் பேருக்குப் பெற்றோர் டேபிளில், தத்து ரோக்களை விட்டால், அதிகபட்சம் ஆறாயிரம் ரோ. பிள்ளை ஐடியில் ஒரு இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அட்டவணை), பெற்றவர் ஐடியில் ஒரு இண்டெக்ஸ் போட்டுவிட்டால் (இன்னொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் ஃபாரின் கீ வைத்ததும் போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போட்டுவிடும் என்று நினைக்காதீர்கள், போடாது) பழைய லேப்டாப்பிலேயே கண் சிமிட்டும் நேரத்தில் விடை வரும். மொத்தத் தரவையும் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலாக வைத்திருந்தால் சொந்தக்காரர்கள் யாருக்கும் பென்டிரைவில் கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை மட்டும் அந்தப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.